முதல் மீன் வாத்தியாருக்கு

எங்கள் ஊரில் யாரிடமும் எதையும் கேட்டுவிடக் கூடாது. மினிபஸ் எப்போது வரும் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று நேரம் சொல்வார்கள். நான்காவது ஆள், இந்த வெயிலில் ஊருக்குப் போவதே தப்பு என்பார். இப்படிப்பட்ட ஊரில், பத்துப் பேர் நிற்கிற இடத்தில், "மீனு புடிக்க எனக்கு யாராச்சும் கத்துக் குடுங்கப்பா" என்று வாய்விட்டுக் கேட்டவர் சசிகலாக்கா ஒருத்தர்தான்.

அக்காவுக்குத் தையல் கடை. வாலிகண்டபுரம் போகிற ரோட்டில், பஸ் நிற்கும் புளியமரத்துக்கு எதிரே இருக்கிறது. அதை ஒட்டி என்னுடைய செல்போன் ரிப்பேர் கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அக்காவின் மிஷின் எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகமாக வாயும் ஓடும். ஜாக்கெட் மட்டும் சொன்ன நாளில் வராது. "நாளைக்கு வாங்க" என்று அக்கா சொல்கிற அழகுக்கே ஆட்கள் மறுபடி வருவார்கள்.

அவர் வீட்டுக்காரர் அன்பழகன் அண்ணன் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். பாறைக்கு வெடி வைத்துத் தரையே அதிர்ந்தாலும் கையிலிருக்கும் டீயைச் சிந்தாமல் குடிக்கிற மனுஷன். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிடும். வீட்டில் குளிக்கும்போதுகூட பக்கெட்டைவிட்டுத் தள்ளி நின்றுதான் மொண்டு ஊற்றிக்கொள்வார்.

மற்ற நாளில் இது ஒரு குறையே இல்லை. ஏரியில் இறங்குகிற நாளில்தான் குறை. கோடையில் ஏரித் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் ஊரில் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று நாட்டாமை கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால் ஆணும் பெண்ணுமாக ஊரே இறங்கி மீன் பிடிக்கும். மறுபடி துண்டை வீசினால் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். அந்த மீனை விற்கவும் கூடாது, அன்றைக்கு வெளியில் மீன் வாங்கவும் கூடாது. மீறினால் மழை பெய்யாது. இறங்க ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுப்பார்கள். எப்படியும் அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்க வேண்டும்.

சசிகலாக்கா வீட்டுக்கு வருஷா வருஷம் மீன் கொடுத்தவர் எதிர்வீட்டுச் செல்வம்மாள். அன்பழகன் அண்ணனுக்குக் கூடப்பிறந்த அக்கா, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். அவர் ஏரியில் இறங்கினால் கொக்குகூட ஒதுங்கி நிற்கும். பை கனக்கக் கனக்க மீனோடு வருவார். அதிலிருந்து பொடிக் கெண்டையாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொல்வார்:

"இந்தா சசி. பாவம், எந்தம்பிதான் தண்ணியக் கண்டா நடுங்குறான். புள்ள ஆசப்படும்ல."

அந்த மீனில் சதையைவிட முள் அதிகம். அந்தப் பாவத்தில் அதைவிட அதிகம். சசிகலாக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். மறுநாள் கடையில் மிஷின் படுகிற பாட்டை வைத்தே கிண்ணத்தில் என்ன வந்தது என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

இந்த வருஷம் கதை வேறு. அக்காவின் ஒரே மகள் அபிநயாவுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அறிவரசன், மீன்சுருட்டிக்காரர். ஊர்ப் பேரிலேயே மீன் இருக்கிற மாப்பிள்ளையை ஏரி விருந்துக்கு அழைக்காமல் இருக்க முடியுமா? அக்கா சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் தகரத்தைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"எங்களுக்குக் கொள்ளிடம் பக்கந்தானே. ஆத்து மீனு சாப்புட்டே வளந்த பையன். ஏரி மீனு அவனுக்குப் புடிக்குமோ என்னமோ" என்று இழுத்தார் சம்பந்தியம்மா.

"அப்புடிச் சொல்லாதீங்க சம்மந்தி! நானே ஏரில எறங்கிப் புடிச்சு, நானே கொழம்பு வெக்கிறேன். மாப்ளைய அனுப்பி மட்டும் வைங்க" என்றார் அக்கா.

நுணலும் தன் வாயால் கெடும். ஏரியே இல்லாத ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அக்காவுக்கு, தனக்கு மீன் பிடிக்கவே தெரியாது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அன்று சாயந்திரமே செல்வம்மாள் கடைக்கு வந்தார். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டு, "நாளைக்கு வாங்க அண்ணி" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் திரும்பினார். "மாப்ள வராராமே? கவலப்படாத சசி. அவருக்குன்னு ரெண்டு துண்டு சேத்தே போட்டுத் தரேன். பாவம், நீ என்ன பண்ணுவ."

அதற்குமேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை இலையில் தன் கையால் பிடித்த மீனைத்தான் வைப்பது, நாத்தனார் பாவம் பார்த்துப் போட்டதை வைப்பதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார். அந்தச் சூட்டோடு கடையைவிட்டு வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதன்முதலாக ஏரியில் இறங்குகிறவர் பிடிக்கும் முதல் மீன், சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் ஏரி கைவிரித்துவிடும். வழக்கமாக அப்பாவோ மாமாவோதான் வாத்தியார் என்பதால் மீன் வீட்டைவிட்டு வெளியே போகாது. சசிகலாக்காவின் முதல் மீனுக்கு அப்படி உரிமைக்காரர் யாரும் இல்லை. கேட்பாரற்ற மீன் என்று தெரிந்ததும் ஊரில் பாதிப் பேருக்கு உபதேசம் பொங்கிவிட்டது. அதில் பலர் இரண்டு நாளில் ஓய்ந்துபோனார்கள். கடைசி வரைக்கும் விடாமல் நின்றவர்கள் மூன்று பேர்.

முதல் வாத்தியார் மினிபஸ் கண்டக்டர் வீரமணி. அக்கா நூல் வாங்கப் பெரம்பலூர் போகும்போதெல்லாம் ஓடுகிற பஸ்ஸிலேயே பாடம் நடத்தினார். "கம்பியப் புடிக்காம நடங்கக்கா. சேத்துல நடக்குறதும் இதுவும் ஒண்ணுதான். காலத் தூக்காதீங்க, தேச்சுத் தேச்சுப் போங்க. தூக்குனா வழுக்கி உட்டுரும்." அக்கா தேய்த்துத் தேய்த்து நடந்தார். வளைவு ஒன்றில் டிரைவர் பிரேக் போட, ஒரு பெரியவரின் மடியில் போய் உட்கார்ந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் பெரம்பலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டாவது வாத்தியார் மலர்க்கொடி, பக்கத்துத் தெருவில் ஆடும் கோழியும் வளர்க்கிறவர். அவர்தான் அக்காவுக்கு ஊத்தா இரவல் கொடுத்தார். ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் கூம்பாகப் பின்னிய கூடை. அடியும் திறந்திருக்கும், மேல் வாயும் திறந்திருக்கும். தண்ணீருக்குள் மீன் இருக்கும் இடம் பார்த்துத் தடாலென்று குத்தி அடைக்க வேண்டும்.

"கோழிய பஞ்சாரத்தப் போட்டு அமுக்குவல்ல? அதே வேலதான்டி இது" என்றார் மலர்க்கொடி. "கோழி நிக்கிற எடத்துல போடாத. ஓடப்போற எடத்துல போடு."

அன்றிலிருந்து காலையில் கடை திறக்கும்முன் அக்கா ஊத்தாவும் கையுமாகக் கோழிகளைத் துரத்தினார். "ப்பா ப்பா ப்பா" என்று கூப்பிடுவார், அரிசியைக் காட்டுவார், நம்பி வந்ததைத் தடாலென்று அமுக்குவார். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போவார். முதலில் சொந்தக் கோழிகள், பிறகு மலர்க்கொடியின் கோழிகள், கடைசியில் தெருவோடு போன ஒரு சேவல்.

"ஏன்டி, மீனு புடிக்கப்போறேன்னுட்டு எஞ்சேவல ஏன்டி அமுக்குற?" என்று செல்வம்மாள் வாசலுக்கு வந்து கத்தினார். அத்தோடு தெருவில் கோழிகள் மனம் வெறுத்து முட்டை போடுவதையே நிறுத்திக்கொண்டன.

மூன்றாவது வாத்தியார் நான். என் பாடமெல்லாம் போனில். வெளிநாட்டில் ஒருத்தன் படகில் உட்கார்ந்து நாளெல்லாம் காத்திருந்து பெரிய மீன் பிடிக்கிற வீடியோவைக் காட்டினேன். அக்கா தையலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். கடைசியில் அவன் அந்த மீனுக்கு ஒரு முத்தம் கொடுத்துத் தண்ணீரிலேயே திரும்ப விட்டான்.

"ஏன் சக்தி, உட்டுட்டான்?"

"அது அவனுக்கு விளையாட்டுக்கா."

"கூறுகெட்ட பய. இத எதுக்கு எனக்குக் காட்டுற? மாப்ளைக்கு முத்தமா வெக்க முடியும், கொழம்பு வெக்கணும்டா" என்றார்.

சரி, உருப்படியாக ஒன்றாவது சொல்லுவோமென்று, நம் நிழல் மீன்மேல் விழக் கூடாது, சூரியனைப் பார்த்து நிற்கணும் என்றேன். ஊரே இறங்குகிறபோது யார் நிழல் யார்மேல் விழுகிறதென்று மீன் கணக்கெடுக்குமா என்று கேட்டார்.

அக்காவின் திட்டம் ஒன்றும் மோசமில்லை. முதலில் எப்படியும் ஒரு பொடிக் கெண்டையோ ஜிலேபி மீனோ மாட்டும். அதை மூன்று பேரில் ஒருத்தர் கையில் திணித்துவிட்டு, பிறகு மாட்டுகிற பெரிய மீனை மாப்பிள்ளைக்கு வைப்பது. இந்தத் திட்டம் மீனுக்குத் தெரியாது என்பதுதான் குறை.

ஏரி நாள் வந்தது. கரை முழுக்க ஆட்கள். அன்பழகன் அண்ணன் கரையிலும் உயரமான இடமாகப் பார்த்து, பெண்டாட்டியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாட்டாமை துண்டை வீசியதும் ஊரே ஓவென்று இறங்கியது. அக்காவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போவதைப் பார்த்து எங்கிருந்தோ வீரமணி, "ரைட், ரைட்! போலாம்!" என்று கத்தினார்.

ஆனால் மீன் மாட்டவில்லை. குத்துகிறார், துழாவுகிறார், சேறு வருகிறது. குத்துகிறார், யாரோ போன வருஷம் தொலைத்த செருப்பு வருகிறது. பக்கத்தில் ஆளாளுக்குக் கெண்டையும் கெளுத்தியுமாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வாடத் தொடங்கியது. மாப்பிள்ளையும் மகளும் பைக்கில் கிளம்பி அரியலூர் தாண்டிவிட்டதாக அபிநயா போன் பண்ணியிருந்தாள். அந்தப் பதற்றத்தில் அக்காவையும் அறியாமல் வாயில் அது வந்துவிட்டது.

"ப்பா ப்பா ப்பா."

அடுத்த நொடி சிரிப்பு வெடித்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிரித்த சிரிப்பில் நான் சேற்றில் உட்கார்ந்தே விட்டேன். ஊர் முழுக்க நின்று சிரித்த அந்த நேரத்தில் வேலையை விடாதவர் அக்கா ஒருத்தர்தான். முன்னால் தண்ணீர் கோடு போட்டதுபோல் நகர்ந்தது. மலர்க்கொடி சொன்னபடி அது இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஓடப்போகும் இடத்தில் தடாலென்று குத்தினார். ஊத்தா ஆட்டமாய் ஆடியது.

அக்கா உடனே ஏறி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோழிப் பாடத்தில் மேலே கல்லை வைப்பதோடு எல்லாம் முடிந்துவிடும். பிடித்ததை எப்படி வெளியே எடுப்பது என்று மூன்று வாத்தியார்களில் ஒருத்தர்கூடச் சொல்லித் தரவில்லை. இரண்டு கையாலும் ஊத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு, உள்ள இருக்கு" என்று அலறினார். கரையில் நாட்டாமையின் கை தோள் துண்டுக்குப் போனது.

"ஏ கூறுகெட்டவளே! அடையா காக்குற? எந்திரிடி!" என்று ஒரு குரல். செல்வம்மாள். தன் பையை யாரிடமோ தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து ஊத்தாவை அழுத்திப் பிடித்தார். "மேல கைய உடு. தலையத் தடவிப் பாரு. செவுளுக்குள்ள வெரல மாட்டு."

"கடிக்குது அண்ணி!"

"கடிக்கட்டும். நீ உடாத!"

அக்கா விடவில்லை. கை வெளியே வந்தபோது அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெரால் மீன் துள்ளியது. அதே நேரம் நாட்டாமையும் துண்டை வீசினார். எல்லோரும் கரையேறினோம். அக்கா பிடித்தது அந்த ஒன்றே ஒன்றுதான்.

கரைக்கு வந்ததும் எங்கள் மூன்று பேருக்கும் வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. தான் நடக்கக் கற்றுத் தராவிட்டால் அக்கா இறங்கிய இடத்திலேயே விழுந்திருப்பார் என்றார் வீரமணி. ஊத்தாவும் என்னுது, வித்தையும் என்னுது, முட்டை நட்டமும் என்னுது என்றார் மலர்க்கொடி. அந்தச் சமயத்தில் அக்கா சூரியனைப் பார்த்துத்தான் நின்றார் என்பதை நானும் எடுத்துச் சொன்னேன். உண்மையில் அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று எனக்கே தெரியாது.

"சட்டுனு சொல்லும்மா, யாரு வாத்தியாரு? ஏரி பாத்துக்கிட்டு இருக்கு" என்றார் நாட்டாமை.

அக்கா மீனைப் பார்த்தார். இதைக் கொடுத்துவிட்டால் வீட்டில் சட்டி காலி. கொடுக்காவிட்டால் வழக்கம் கெட்டது. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டிப் போய், தள்ளி நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்த செல்வம்மாள் முன்னால் நின்றார்.

"இந்தாங்க அண்ணி."

செல்வம்மாள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "எனக்கு எதுக்குடி?"

"நடக்கச் சொன்னாரு வீரமணி. அமுக்கச் சொன்னா மலர்க்கொடி. சக்தி என்னமோ படம் காட்டுனான். ஆனா நீங்கதான் என்னைய எறக்குனது. வருசா வருசம் ஒரு கிண்ணத்தக் குடுத்து, பாவம் பாவம்னு சொல்லிச் சொல்லியே எறக்கிட்டீங்க. புடிச்சத எடுக்கச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். இது ஒங்களுக்குத்தான்."

அந்தக் குரலில் கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. செல்வம்மாளுக்கும் தெரிந்திருக்காது. முதல் மீனை வேண்டாம் என்று சொல்லவும் எங்கள் வழக்கத்தில் இடமில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டார். அவர் ஒன்றும் பேசாமல் போனதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அன்பழகன் அண்ணன் செருப்பைக் கீழே போட்டார். "மாப்ள வர நேரத்துல கையில இருந்ததத் தூக்கிக் குடுத்துட்டு வந்துருக்கியே சசி, கொழம்புக்கு என்ன பண்ணுவ?"

"குடுத்தது சரிதாங்க" என்றார் அக்கா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "ஆனா அந்தப் புள்ள மூஞ்சிய எப்புடிப் பாக்கப்போறேன்னுதான் தெரியல. சம்மந்திகிட்ட அம்புட்டு வாய் பேசிட்டேனே."

வீட்டுக் கோழிகள் கோபத்தில் இருந்ததால் கடை முட்டை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். நான் முட்டையோடு திரும்பவும் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அபிநயா இறங்கும்போதே மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, கொழம்பு வாசன தூக்குது!" வாசனை எதிர்வீட்டிலிருந்து வந்தது. அக்கா மாப்பிள்ளையை வாங்க என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த முட்டைப் பொட்டலத்தை வாங்கி முந்தானைக்குள் மறைத்தார்.

அப்போது செல்வம்மாள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். "மாப்ள, எல்லாரும் இங்க வாங்க. எல போட்டாச்சு."

அக்காவின் முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷம் வீடு தேடி வந்த பாவம் இன்றைக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் பந்தி போட்டுப் பரிமாறப்படப் போகிறது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மறுத்துப் பேச முடியாது, நாத்தனார் அழைப்பு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். வாத்தியார்கள் என்ற முறையில் நானும் வீரமணியும் மலர்க்கொடியும்கூட போய்ப் பந்தியில் உட்கார்ந்தோம். எங்களை யாரும் அழைக்கவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை.

செல்வம்மாள் சட்டியிலிருந்து நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்தார். துண்டு இலையில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டது. அறிவரசன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிரமாதமா இருக்குங்க. நீங்க புடிச்சதா?"

தண்ணீர்ச் செம்போடு நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டார். செல்வம்மாள் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அதே குரலில் சொன்னார்:

"நான் புடிச்சதெல்லாம் பொடிசு மாப்ள, அந்தச் சட்டியில கெடக்கு. இது ஒங்க மாமியா எறங்கிப் புடிச்ச வெரா. இத்தன வருசமா நானும் எறங்குறேன், இந்தத் தண்டிக்கு எனக்கே மாட்டுனதில்ல. போயி ஒங்கம்மாகிட்ட சொல்லுங்க."

அறிவரசன் மாமியாரைத் தேடித் திரும்பிப் பார்த்தார். அக்கா அங்கே இல்லை. செம்பை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். பந்தியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் நிற்பதாகக் காணோம்.

"ஏ சசி, எங்கடி போன?" என்று உள்ளேயிருந்து செல்வம்மாள் சத்தம் போட்டார். "மாப்ள எல காஞ்சு கெடக்கு. ஒம் மீனு, நீயே வந்து ஊத்து."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கரண்டியை வாங்கினார்.